பேட்ச் ரிவ்யூ: நீங்கள் அனுப்பிய திருத்தம் இப்போது யார் கையில் இருக்கிறது?

பெங்களூருக்கு ஐ.டி. வேலை தேடி வரும் நம் பிள்ளைகளிடம் "ஓப்பன் சோர்ஸ்ல கான்ட்ரிப்யூட் பண்ணு, ரெஸ்யூமேக்கு நல்லது" என்று சொல்லாத சீனியர் கிடையாது. மாரத்தஹள்ளி பி.ஜி. அறைகளிலும் மடிவாளா டீக்கடைகளிலும் இந்த அறிவுரை தாராளமாகப் புழங்குகிறது. ஓப்பன் சோர்ஸ் என்பது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். அதற்கு அடுத்த கட்டத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் ஒரு திருத்தம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள், பதில் வராது. "அண்ணா, மூணு வாரமாச்சு, ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல. புது ஆளுன்னு ஒதுக்குறாங்களோ?" என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஓப்பன் சோர்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் வேலை சட்டென்று நடக்கும் என்பது ஒன்று. பதில் வரவில்லை என்றால் நிராகரித்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. திருத்தங்கள் எப்படி வரிசையில் நிற்கின்றன, அந்த வரிசையை யார் நகர்த்துகிறார்கள் என்று தெரிந்தால் இரண்டும் தானாகக் கலைந்துவிடும். புரோகிராமிங் தெரியாதவருக்கும் புரியும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

பொங்கல் மலர் போடும் இருவர்

எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் மலர் ஒன்று போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தாயிற்று. மூன்றாவது மாடி மாமி கோலம் பற்றி இரண்டு பக்கம் தருகிறார். ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒரு கவிதை அனுப்புகிறது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் அந்த ஊரின் நினைவுகளை நாற்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் படித்து, திருத்தி, அச்சுக்கு அனுப்ப வேண்டியவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் பகலெல்லாம் ஆபீஸ்.

கவிதை அன்றைக்கே தேறிவிடும். நாற்பது பக்கக் கட்டுரை அருமையாகவே இருந்தாலும் "ஞாயித்துக்கிழமை நிதானமா உக்காந்து படிக்கணும்" என்று தள்ளிப்போகும். இன்னொரு கட்டுரையில் ஒரு ஆண்டு தப்பாக இருக்கும், எழுதியவரைக் கேட்க வேண்டும். கேட்டாயிற்றா, அவர் பதில் சொல்லிவிட்டாரா, இப்போது அது யாரிடம் நிற்கிறது என்பது போகப் போக இருவருக்குமே மறந்துவிடும். மார்கழி முடியும் நேரத்தில் "என் கட்டுரை என்னதான் ஆச்சு?" என்று நாலு பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் அந்த இருவர் எதையும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எது எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கைத்தான் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

மென்பொருளிலும் நடப்பது பெரும்பாலும் இதுவே. ஒரு வித்தியாசம் உண்டு. மலரில் ஒரு கட்டுரை சொதப்பினால் அந்தப் பக்கத்தோடு போயிற்று. மென்பொருளில் ஒரு வரி பிசகினால் மொத்தமும் நின்றுபோகலாம். ஆகவே ரிவ்யூ செய்பவர்கள் மேலோட்டமாகப் படித்துவிட்டுச் சரி என்று தலையாட்ட முடியாது.

பேட்ச் என்பது என்ன

ஒரு மென்பொருளின் மூல நிரலில், அதாவது புரோகிராமர்கள் எழுதும் கட்டளை வரிகளில், எந்த வரியை எடுக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிய சிறு கோப்புதான் பேட்ச். எடுக்க வேண்டிய வரிக்கு முன் கழித்தல் குறி இருக்கும், சேர்க்க வேண்டிய வரிக்கு முன் கூட்டல் குறி. இடம் அடையாளம் தெரிவதற்காக முன்னும் பின்னும் சில பழைய வரிகள். முழு நிரலையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பும் இந்தப் பழக்கம், 1985-இல் லேரி வால் என்ற புரோகிராமர் 'பேட்ச்' என்ற பெயரிலேயே எழுதிய கருவியால் பரவியது. இன்று பலர் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று பட்டனைத் தட்டி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுக்கு உள்ளேயும் இதே கூட்டல் கழித்தல்தான் இருக்கிறது.

அந்தப் பேட்சை இன்னொருவர் படித்து, ஓட்டிப் பார்த்து, கருத்துச் சொல்வது ரிவ்யூ. மென்பொருளின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்பவர் மெயின்டெய்னர். பேட்சை அதிகாரப்பூர்வ நிரலில் நிரந்தரமாகச் சேர்ப்பது கமிட், அந்த உரிமை உள்ளவர் கமிட்டர். "யார் வேண்டுமானாலும் மாற்றலாம்" என்பதில் உள்ள உண்மை இவ்வளவுதான்: உங்கள் கணினியில் உள்ள நகலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். உலகம் முழுக்கப் போய்ச் சேரும் பிரதிக்குள் அதைச் சேர்ப்பவர்கள் மிகச் சிலர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எழுதுபவர் பலர், சேர்ப்பவர் சிலர், நடுவில் ரிவ்யூ. அந்த நடுப்பகுதியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

'கார்த்திகேயன்' மாட்டிக்கொண்ட இடம்

ரிவ்யூ என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்று நினைப்பவர்களுக்காக ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். சங்க உறுப்பினர்களின் பெயர்களைப் பதிந்துவைக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் செயலி. அடையாள அட்டையில் நீளமான பெயர்கள் கட்டத்தைத் தாண்டிப் போகின்றன. ஒருவர் பேட்ச் அனுப்புகிறார்: பெயர் 20 பைட்டைத் தாண்டினால் அங்கேயே வெட்டிவிடு. இரண்டே வரி மாற்றம். ஆங்கிலத்தில் பெயர்கள் கொடுத்துச் சோதித்திருக்கிறார், எல்லாம் சரியாக வருகிறது.

பைட் என்பது கணினி நினைவகத்தின் ஒரு சிறு அலகு. இன்று பரவலாக இருக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். தமிழில் 'க', துணைக்கால், 'ர', புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். கார்த்திகேயன் என்ற பெயரில் இப்படி 13 குறிகள், ஆக 39 பைட். இதை 20-இல் வெட்டினால் 'கார்த்' வரை 18 பைட் சரியாகப் போகும். மிச்சமிருக்கும் இரண்டு பைட்டில் அடுத்த 'த'வின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் மாட்டிக்கொள்ளும். அட்டையில் 'கார்த்' என்று அச்சாகி, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் ஒன்று வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அதே பெயர் 11 எழுத்து, 11 பைட். எழுதியவர் கண்ணில் இது படவே வாய்ப்பில்லை.

தமிழ்ப் பெயரைக் கொடுத்துப் பார்த்த ஒரு ரிவ்யூவர் இதைக் கண்டுபிடித்து எழுதுகிறார். இரண்டாம் பதிப்பு வருகிறது: குறிக்கு நடுவில் வெட்டாதே. இன்னொருவர் அதைப் படித்துவிட்டு, 'த'வுக்கும் இகரக் கொக்கிக்கும் நடுவில் வெட்டு விழுந்தால் 'தி' என்பது 'த' ஆகிவிடுமே என்கிறார். மூன்றாம் பதிப்பில் முழு எழுத்தாகப் பார்த்து வெட்டுகிறார்கள். அதற்குள் மெயின்டெய்னர் வேறொரு கேள்வி கேட்கிறார்: ஒருவருடைய பெயரை நாம் ஏன் வெட்ட வேண்டும்? எழுத்தளவைக் குறைத்து முழுப் பெயரையும் அச்சிட முடியாதா?

ரிவ்யூவின் அடுக்குகள் எல்லாம் இந்த ஒரு பேட்சிலேயே தெரிகின்றன. சொன்னபடி வேலை செய்கிறதா என்பது முதல் கேள்வி. எழுதியவர் நினைத்துப் பார்க்காத இடத்தில் என்ன செய்கிறது என்பது இரண்டாவது. இந்த வேலையே தேவையா, வேறு வழி உண்டா என்பது மூன்றாவது. எழுத அரை மணி நேரம் ஆன இரண்டு வரிக்கு இத்தனை சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஊரில், வேறு நேர மண்டலத்தில் இருக்கும் ஒருவர் தன் சொந்த மாலைப் பொழுதிலிருந்து நேரம் எடுத்துப் படிக்கிறார். வாரங்கள் ஓடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நெரிசல் எங்கே

கூட்டம் சேர்ந்தால் வேலை வேகமாகும் என்பது இங்கே தலைகீழாகும். எழுதுபவர்கள் பத்து மடங்கு பெருகினால் வரிசையும் பத்து மடங்கு நீளும். படிப்பவர்கள் அதே பத்திருபது பேர்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சுமார் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள், எழுதியவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். ஒரு காலத்தில் எல்லாப் பேட்சும் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கை வழியாகவே போக வேண்டியிருந்தது. 1998 வாக்கில் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அனுப்பிய பேட்ச்கள் காணாமல் போகின்றன என்று கெர்னல்காரர்களே வெளிப்படையாகச் சண்டை போட்டார்கள். உலகின் மிகத் திறமையான புரோகிராமர்களில் ஒருவருக்கே அந்த நிலை.

கவனம் என்பது எவ்வளவு அரிய பொருள் என்று தெரியாமல் அதை வாரி இறைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்று இருந்தது. 2020-இல் அந்த டி-ஷர்ட்டுக்காக, விளக்கக் கோப்பில் 'அருமையான புராஜெக்ட்' என்று ஒரு வரி சேர்ப்பது போன்ற மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்களும் நிறைய. விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்களில் மட்டுமே இனிக் கணக்கில் சேரும் என்று அமைப்பாளர்கள் நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஒவ்வொரு வரியையும் திறந்து பார்த்து மூடியது யாரோ ஒரு மெயின்டெய்னர். அந்த நேரத்தில் அவர் படித்திருக்க வேண்டிய உண்மையான பேட்ச் வரிசையில் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்கும்.

சுருக்கமாக: ஓப்பன் சோர்ஸில் நிரலுக்குப் பஞ்சம் இல்லை, அதைப் படிக்கும் கண்களுக்குத்தான் பஞ்சம். பேட்ச் ரிவ்யூவை நிர்வகிப்பது என்றால் அந்தக் கண்களைப் பங்கிட்டுக் கொடுப்பது.

போஸ்ட்கிரெஸ்காரர்களின் ஏற்பாடு

இந்தப் பங்கீட்டை நான் பார்த்தவரை மிகத் தெளிவாகச் செய்திருப்பவர்கள் தகவல்களைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர்கள். 8.3 பதிப்புக்கான வேலையின் கடைசியில் அவர்களிடம் பேட்ச்கள் மலையாகக் குவிந்துவிட்டன. 2007 வசந்தத்திலேயே புதிய அம்சங்களை நிறுத்தியும், பதிப்பு வெளிவர 2008 பிப்ரவரி ஆகிவிட்டது. அதன்பின் அவர்கள் தொடங்கியதுதான் கமிட்ஃபெஸ்ட்.

கமிட்ஃபெஸ்ட் என்பது ஒரு மாதம். அந்த மாதத்தில் தங்கள் சொந்த நிரலை ஓரம்கட்டிவிட்டு மற்றவர்களுடைய பேட்ச்களைப் படிப்பது என்று ஒப்பந்தம். பொதுவாக ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று ஆண்டுக்கு ஐந்து முறை. மார்ச் முடிந்தபின் அந்த ஆண்டுப் பதிப்புக்குப் புதிய அம்சங்கள் நிறுத்தப்படும். இலையுதிர் காலத்தில் பதிப்பு வெளிவரும். கமிட்டர்கள் சுமார் முப்பது பேர்தான். வரிசையில் நிற்பவையோ சில நூறு பேட்ச்கள்.

எல்லாப் பேட்சும் ஒரு பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நிலை எழுதியிருக்கும். 'ரிவ்யூ தேவை' என்றால் படிக்க ஆள் வேண்டும். 'எழுதியவருக்காகக் காத்திருக்கிறது' என்றால் கேள்வி கேட்டாயிற்று, பந்து இப்போது எழுதியவர் பக்கம். 'கமிட்டருக்குத் தயார்' என்றால் ரிவ்யூ முடிந்தது, கமிட்டர் கடைசியாகப் பார்க்க வேண்டும். யார் அடுத்த அடி வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிலையும் சொல்லிவிடுகிறது. பொங்கல் மலர்க்காரர்கள் ஒரு நோட்டில் இப்படி மூன்று பத்தி போட்டு வைத்திருந்தாலே பாதி மனஸ்தாபம் வந்திருக்காது.

பட்டியல் தானாக நகராது. ஒவ்வொரு கமிட்ஃபெஸ்டுக்கும் ஒரு மேனேஜர் இருப்பார், அவரும் தன்னார்வலர்தான். அவர் பெரிய நிரல் மேதையாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பேட்சுக்கு ஆளே இல்லை, எந்த ரிவ்யூவர் பெயரைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார், எந்த எழுத்தாளர் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி நடத்தத் தெரிந்தவர்கள் இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை. நிரல் எழுதுவதைவிட இது குறைந்த வேலை என்ற எண்ணம் தொழில்நுட்பக்காரர்களிடம் இருக்கிறது. அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

சலிப்பான பகுதியை இயந்திரத்திடம் விட்டுவிட்டார்கள். வரிசையில் உள்ள ஒவ்வொரு பேட்சையும் அன்றைய புதிய நிரல்மேல் ஏற்றி, சோதனைகளை ஓட்டி, தேறியதா இல்லையா என்று ஒரு தானியங்கி சொல்லிவிடும். நீங்கள் எழுதிய பிறகு அடியில் இருந்த நிரல் மாறிவிட்டால் பேட்ச் ஏறாது. புதிய நிரலுக்கு ஏற்ப அதைத் திரும்பப் பொருத்துவதற்கு ரீபேஸ் என்று பெயர். 'ரீபேஸ் செய்யவும்' என்ற பதிலைப் பார்த்து யாரும் மனம் உடைய வேண்டாம். உங்கள் பேட்ச் காத்திருந்த நேரத்தில் புராஜெக்ட் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இவர்களின் இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் ஒரு பேட்ச் அனுப்பினால், ஏறக்குறைய அதே அளவு சிக்கலான வேறொருவர் பேட்ச் ஒன்றை நீங்கள் ரிவ்யூ செய்ய வேண்டும். மொய் எழுதுவது போலத்தான். வரிசையை நீளமாக்குகிறவரே அதைக் குறைக்கவும் தோள் கொடுக்கிறார்.

கெர்னலில் வேறு வழி

கெர்னல்காரர்கள் நாட்காட்டிக்குப் பதிலாகக் கிளைகளை நம்புகிறார்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பொறுப்பேற்க ஆள் இல்லாத பகுதிக்கு நேரே 'அனாதை' என்றே குறித்திருக்கும். உங்கள் பேட்ச் முதலில் அந்தச் சிறு பகுதியின் மெயின்டெய்னரிடம் போகும். அவர் சேர்த்துக்கொண்டதை மேலே உள்ளவர் எடுத்துக்கொள்வார், கடைசியில் டோர்வால்ட்ஸ். வெளியீட்டுச் சுழற்சியின் முதல் இரண்டு வாரம் மட்டுமே புதியவை உள்ளே வரும், மிச்ச வாரங்கள் பிழைநீக்கத்துக்கு. ஒவ்வொரு கையும் மாறும்போது அந்த நபர் தன் பெயரைப் பேட்சின் கீழே எழுதி ஒப்பமிடுவது 2004-இலிருந்து வழக்கம்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதற்கும் அவர்களுடைய வழிகாட்டியிலேயே பதில் உண்டு. கருத்துகள் வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். குறைந்தது ஒரு வாரம் பொறுத்துவிட்டு, மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம்.

வரிசையைக் கவனிக்காவிட்டால்

ஓப்பன் சோர்ஸ் எல்லோர் கண்ணிலும் படுவதால் பிழை தங்காது என்பார்கள். கண்ணில் படும்படி இருப்பது வேறு, ஒருவர் உட்கார்ந்து படிப்பது வேறு. 2014 ஏப்ரலில் உலகையே உலுக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத் தொடர்புகளைப் பூட்டிவைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2011-இன் கடைசி நாளில் சேர்ந்த ஒரு பேட்ச் அது. எதிர்முனை 'இவ்வளவு நீளம்' என்று சொல்வதை உண்மைதானா என்று அந்த நிரல் சரிபார்க்கவில்லை. எழுதியவரும் கவனிக்கவில்லை, ரிவ்யூ செய்தவரும் கவனிக்கவில்லை. 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு உலகெங்கும் போய், இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் பாடமானது. கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள் அது, பராமரித்தது ஏறக்குறைய ஒரே ஆள். பேட்ச்கள் தேங்குகின்றன, இன்னொரு மெயின்டெய்னரைச் சேருங்கள் என்று முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. உதவிக்கு வந்தவர்போல் நல்ல பேட்ச்களாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பொறுப்புக்குள் நுழைந்தார். பிறகு கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸின் கமிட்டர்களில் ஒருவர். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியிருக்கிறார். தேங்கிய ரிவ்யூ வரிசையைத்தான் அங்கே ஆயுதமாக்கினார்கள் என்பதை நான் மறக்கவே மாட்டேன். தனியாக மாரடிக்கும் மெயின்டெய்னரைத் திட்டி அவசரப்படுத்துகிறவர்கள் யாருக்கு உதவுகிறார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வதும் நிர்வாகம்தான். போஸ்ட்கிரெஸ் பட்டியலில் 'நிராகரிக்கப்பட்டது' தனி நிலை, 'குறிப்புகளோடு திருப்பி அனுப்பியது' தனி நிலை. முதலாவது, இந்த யோசனையே எங்களுக்கு வேண்டாம் என்பது. இரண்டாவது, யோசனையில் சரக்கு இருக்கிறது, இன்னும் வேலை பாக்கி, செய்துகொண்டு வா என்பது. புதியவர்கள் இரண்டாவதை முதலாவதாகப் படித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதல் ரிவ்யூவை எப்படித் தொடங்குவது

பெங்களூரில் இதற்கு வழிகாட்ட ஆட்களுக்குக் குறைவே இல்லை. 2001-இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கிய மாநாட்டுக் காலத்திலிருந்து இந்த ஊரில் ஓப்பன் சோர்ஸ் கூட்டம் கூடிக்கொண்டிருக்கிறது. இன்று ஓப்பன் சோர்ஸை வளர்க்கும் ஃபாஸ் யுனைடெட் அமைப்பின் சந்திப்புகள் இங்கே நடக்கின்றன. பேட்ச் எழுதும் முன் ஒரு ரிவ்யூ செய்யுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். நிரலின் உள்சுற்று தெரியாதவராலும் இது முடியும்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில், ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் சிறிய பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் ஏற்றுங்கள். ஏறுகிறதா, சோதனைகள் தேறுகின்றனவா என்று பாருங்கள். பிறகு எழுதியவர் கொடுத்திருக்க வாய்ப்பில்லாத தகவலைக் கொடுங்கள்: இன்ஷியல் முன்னால் வரும் பெயர், குடும்பப் பெயரே இல்லாத ஆள், தமிழில் எழுதிய முகவரி. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் கமிட்டருக்கு இவை தோன்றவே தோன்றாது. நமக்கு இவை அன்றாடம்.

கண்டதை அப்படியே எழுதுங்கள். "எனக்கு வேலை செய்கிறது" என்ற ஒற்றை வரியால் கமிட்டருக்குப் பயன் இல்லை. "உபுண்டு 24.04-இல் புதிய பதிப்பை ஏற்றினேன், பிரச்சினை இல்லாமல் ஏறியது. சோதனைகள் எல்லாம் தேறின. 'கார்த்திகேயன்' என்று கொடுத்தபோது அட்டையில் முழுப் பெயரும் வந்தது. பெயரைக் காலியாக விட்டால் செயலி நின்றுபோகிறது, படம் இணைத்திருக்கிறேன்." இப்படி நாலு வரி போதும். எழுதிவிட்டு, பேட்சின் நிலையை 'எழுதியவருக்காகக் காத்திருக்கிறது' என்று மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் பட்டியலில் அதை ரிவ்யூவரே செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.